பொத்தோசியை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

எங்கள் மாலைநேரப் படிப்பகத்தின் சுவரில் ஓர் உலக வரைபடம் தொங்குகிறது. மாதம் ஓர் ஊரைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். அந்த ஊரைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க வேண்டும், அது பாடப்புத்தகத்தில் இல்லாத ஊராக இருக்க வேண்டும். விதி இவ்வளவுதான். சென்ற கோடை விடுமுறையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தென் அமெரிக்காவின் நடுவில் விரலை வைத்தாள். "இந்த நாட்டுக்குக் கடலே இல்லையா அக்கா?"

பொலிவியாவுக்கு ஒரு காலத்தில் கடற்கரை இருந்தது. 1879இல் சிலியுடன் மூண்ட போரில் அதை இழந்தது. அவள் விரல் அங்கிருந்து கொஞ்சம் தெற்கே நகர்ந்து பொத்தோசி என்ற நகரத்தில் நின்றது. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வாழும் மலை நகரம். ஊரின் தலைமாட்டில் கூம்பு வடிவில் ஒரு செம்மலை. அந்த மலையிலிருந்து எடுத்த வெள்ளிதான் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயின் பேரரசுக்குச் சோறு போட்டது.

அடுத்த வாரம் நாங்கள் தயாரித்துக்கொண்டு போனோம். 1545இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது, ஸ்பெயின் மன்னர் ஊருக்குப் பட்டம் கொடுத்தார், பூர்வகுடிகள் கட்டாய உழைப்புக்கு இழுத்து வரப்பட்டார்கள், சுரங்கத்தில் 80 லட்சம் பேர் செத்தார்கள் என்று ஒரு மணிநேரம் பேசினோம். பேசி முடித்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஏழாம் வகுப்புப் பையன் மட்டும் கேட்டான்: "அவங்க யாருமே திருப்பி ஒண்ணும் பண்ணலியாண்ணா?"

எங்களிடம் பதில் இல்லை. வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. சேரிப் பிள்ளைகள் முன்னால் நின்றுகொண்டு, இன்னொரு கண்டத்தின் ஒடுக்கப்பட்ட மக்களை வெறும் பிணங்களாகவே காட்டிவிட்டு வந்திருக்கிறோம். அந்தக் கதையில் செயல்பட்டவர்கள் எல்லோரும் ஸ்பானியர்கள். பூர்வகுடிகள் செய்த ஒரே வேலை சாவதுதான். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதும் வரலாற்றில் எதை எதிர்த்துக்கொண்டே இருக்கிறோமோ அதையே நாங்களும் செய்திருந்தோம்.

மறுபடி படித்தோம். அதே ஊரை நான்கு மாலைகளில் வேறு விதமாகச் சொன்னோம். இதுபோன்ற படிப்பகங்களை நடத்தும், நடத்தப்போகும் தோழர்களுக்காக அந்த இரண்டாவது தடவையை இங்கே எழுதுகிறோம்.

முதல் மாலை: மலையும் காற்றும்

இந்த முறை மன்னரிடமிருந்து தொடங்கவில்லை. உயரத்திலிருந்து தொடங்கினோம். தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன் தலையில் இன்னொரு பாதி தொட்டபெட்டாவை வைத்தால் பொத்தோசி நகரம். கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே. வெள்ளி மலையின் உச்சி 4,800 மீட்டரைத் தொடும். அங்கே காற்று மெலிந்திருக்கும், படி ஏறினால் மூச்சு வாங்கும், தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் சோறு வேக நேரமாகும்.

அப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் எதைத் தின்று வாழ்ந்தார்கள்? உருளைக்கிழங்கு அந்த மலைத்தொடரின் பயிர். உலகத்துக்கு அதைக் கொடுத்தவர்கள் ஆண்டிஸ் உழவர்கள். உறைபனி விழும் இரவுகளில் கிழங்கைத் தரையில் பரப்பி, காலையில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்தால் 'சுன்யோ' ஆகிவிடும். ஆண்டுக்கணக்கில் கெடாது. மாவுக் கஞ்சியில் பழுக்கக் காய்ச்சிய எரிமலைக் கல்லைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் 'கலாபுர்க்கா' பொத்தோசியின் பேர்போன உணவு. கல்லைப் போட்ட கஞ்சி என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஊர் பிடித்துப்போனது.

பிறகுதான் வெள்ளிக்கு வந்தோம். கெச்சுவா மொழியில் அந்த மலைக்கு 'சுமாக் ஒர்க்கோ', அழகிய மலை என்று பெயர். ஸ்பானியர்கள் அதை 'செர்ரோ ரிக்கோ', பணக்கார மலை என்று மாற்றினார்கள். அழகு பணமாகிவிட்டது. மலையில் வெள்ளி இருப்பதை 1545இல் வெளிப்படுத்தியவராகச் சொல்லப்படும் தியேகோ வல்பா ஒரு பூர்வகுடி. அதற்கு முன்பே, அருகிலுள்ள போர்க்கோவில் இன்கா காலத்திலிருந்து வெள்ளி எடுத்துவந்தார்கள்.

இங்கே நாங்கள் முதல்முறை தவறவிட்ட ஒரு செய்தி இருக்கிறது. தொடக்கத்தில் கால் நூற்றாண்டுக்கு மேல், பொத்தோசியின் தாதுவை உருக்கத் தெரிந்தவர்கள் பூர்வகுடிகள்தான். 'வாய்ரா' என்றால் கெச்சுவாவில் காற்று. மலைச்சரிவில் துளைகள் வைத்த சிறு களிமண் உலைகளை நிறுத்தி, வீசும் காற்றையே துருத்தியாக்கி வெள்ளியைப் பிரித்தார்கள். அந்த உலைகளுக்கும் வாய்ரா என்றே பெயர். இரவில் ஆயிரக்கணக்கான உலைகள் எரிந்து மலையே விளக்கேற்றியதுபோல் இருந்ததை அன்றைய பயணிகள் எழுதியிருக்கிறார்கள். ஸ்பானியத் துருத்தி உலைகள் அந்த உயரத்தில் சரிவர வேலை செய்யவில்லை. தாது யார் கைக்குப் போனாலும் அதை வெள்ளியாக்க அந்த உழைப்பாளிகளிடம்தான் வர வேண்டியிருந்தது. அறிவு அவர்களிடம் இருந்தவரை பேரம் பேசும் வலுவும் அவர்களிடம் இருந்தது.

இரண்டாம் மாலை: முறை

1570களில் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று, பாதரசம். தாதுவை அரைத்துப் பாதரசத்தோடு கலந்து வெள்ளியைப் பிரிக்கும் தொழில்நுட்பம் வந்ததும் வாய்ரா உலைகள் ஓரங்கட்டப்பட்டன. பாதரசம் பெருவின் வாங்கவெலிக்கா சுரங்கத்திலிருந்து வந்தது, அதன் விற்பனை அரசின் கையில் இருந்தது. அரைக்கும் ஆலைகளை ஓட்ட மலைமேல் ஏரிகள் வெட்டப்பட்டன. 1626இல் அவற்றில் ஒன்றான சான் இல்தெஃபோன்சோ அணை உடைந்து ஊரின் ஒரு பகுதியையே அடித்துச் சென்றது.

மற்றொன்று, 'மித்தா'. கெச்சுவாவில் இதற்கு 'முறை' என்று பொருள். இன்கா காலத்தில் ஊர்ப் பொதுவேலைக்கும் அரச வேலைக்கும் குடும்பங்கள் முறைவைத்துப் போவார்கள். வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தே தொலேதோ அந்தப் பழைய சொல்லை எடுத்துப் புதிய நுகத்தடி செய்தார். 16 மாகாணங்கள், 18 வயது முதல் 50 வயது வரையுள்ள ஆண்கள், ஆண்டுக்கு ஏறக்குறைய ஏழில் ஒருவர். மொத்தம் 13,000க்கு மேல். அடிமை முறை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகக் கூலியும் உண்டு. அது சுதந்திரத் தொழிலாளி வாங்கியதைவிட மிகக் குறைவு. ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்பது சட்டம். ஆனால் அந்தக் கூலியில் சாப்பிட முடியாததால், ஓய்வு வாரங்களிலும் கூலிக்குப் போனார்கள். மனைவி, பிள்ளைகள், லாமா விலங்குகள் என்று குடும்பமே கிளம்பியது. திதிகாகா ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டவர்கள் இரண்டு மாதம் நடந்தார்கள். சுரங்கத்தில் தோல்வார் ஏணிகளில், கட்டைவிரலில் மெழுகுவத்தியைக் கட்டிக்கொண்டு, முதுகில் தாதுச் சுமையோடு ஏறினார்கள்.

"முறை" என்று கரும்பலகையில் எழுதியபோது ஒரு சிறுமி கை தூக்கினாள். "எங்க தாத்தாவுக்கும் முறை இருந்துச்சு. சாவு சொல்லப் போற முறை." வகுப்பு அவள் பக்கம் திரும்பியது. இன்னொருத்தி, "எங்க பெரியப்பாவுக்குத் தண்டோரா" என்றாள். நாங்கள் எந்த ஒப்பீட்டையும் தயாரித்துக்கொண்டு போகவில்லை. ஒரு சொல் அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது.

ஆனால் ஒப்பீட்டோடு நின்றுவிடக்கூடாது, வேறுபாட்டையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறோம். மித்தா சாதி அல்ல. அது பிறந்த ஊரையும் அய்லு என்ற குலக்கூட்டத்தையும் ஒட்டிய கடமை. அந்த ஊரை விட்டு ஓடி, வேறிடத்தில் 'வந்தேறி' என்று பதிந்துகொண்டால் அதிலிருந்து தப்பிக்கலாம். லட்சக்கணக்கானோர் அப்படித்தான் தப்பினார்கள். வசதியிருந்தவர்கள் பணம் கட்டி விலகினார்கள். ஆள் பிடித்து அனுப்பும் பொறுப்பு குராக்கா எனப்பட்ட பூர்வகுடித் தலைவர்களின் தலையில் இருந்தது. எண்ணிக்கை குறைந்தால் அவர்களுக்கும் தண்டனை. சிலர் தம் சொத்தை விற்றுக் கட்டினார்கள், சிலர் தம் மக்களையே சுரண்டினார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் படிநிலை இருந்தது. "ஊரை விட்டா விட்டுடுமா? அப்போ சாதியைவிடப் பரவாயில்லை" என்றான் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் அண்ணன் திருப்பூரில் வாடகைக்கு வீடு தேடியபோது எதிர்கொண்ட கேள்வி எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று, அந்த 80 லட்சம். எதுவார்தோ கலியானோ 1971இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் வழியே உலகெங்கும் பரவிய எண் அது. அதற்கு ஆவண ஆதாரம் இல்லை என்று சுரங்க வரலாற்றை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். சரிவிலும், பாதரசத்திலும், நுரையீரலை அரித்த தூசியிலும் செத்தவர்களை யாரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை. எண்ணாமல் விட்டது ஒரு குற்றம். அதற்காக நாம் ஓர் எண்ணை இட்டு நிரப்பக்கூடாது. பிள்ளைகளிடம் நாங்கள் சொன்னது தவறு என்று சொல்லித் திருத்திக்கொண்டோம். ஆசிரியர் தவறை ஒப்புக்கொள்வதை அவர்களில் பலர் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

மூன்றாம் மாலை: திருப்பி என்ன செய்தார்கள்?

அந்தப் பையனின் கேள்விக்காகவே ஒரு மாலை முழுவதையும் ஒதுக்கினோம்.

முதலில் பெண்கள். பொத்தோசியின் சந்தைக்குக் 'கத்து' என்று பெயர். பூர்வகுடிப் பெண்கள் அங்கே கொக்கா இலையும் சோளக் கள்ளும் மட்டுமல்ல, வெள்ளித் தாதுவையே விற்றார்கள். சுரங்கத்திலிருந்து ஆண்கள் தம் பங்காகக் கொண்டுவந்த நல்ல கற்கள் அவர்கள் கூடைகளில் கைமாறின. முதலாளிகள் அதைத் திருட்டு என்றார்கள். உழைத்தவர்கள் அதை உரிமை என்றார்கள்.

அடுத்து 'கக்சா'க்கள். 18ஆம் நூற்றாண்டில் சனிக்கிழமை இரவு முதல் திங்கள் விடியற்காலை வரை சுரங்கம் முதலாளிக்கு ஓய்வு. அந்த நேரத்தில் கக்சாக்கள் கூட்டமாக உள்ளே புகுந்து தங்களுக்கான தாதுவை வெட்டினார்கள். சிறு கல் ஆலைகளில் அரைத்து விற்றார்கள். அடக்கப் பார்த்த அதிகாரிகளுக்கு முடியவில்லை. ஊரில் விற்பனைக்கு வந்த வெள்ளியில் கணிசமான பங்கு அவர்களுடையது. வாரத்தில் ஐந்தரை நாள் யாருக்கோ சொந்தமான மலை, ஒன்றரை நாள் அவர்களுடையது. பிள்ளைகள் கைதட்டியது இந்த இடத்தில்தான்.

மூன்றாவதாக எழுத்து. குவாமான் போமா தே அயாலா பெருவைச் சேர்ந்த ஒரு பூர்வகுடி. கிட்டத்தட்ட 1,200 பக்கம், ஏறக்குறைய 400 கோட்டோவியங்கள் கொண்ட ஒரு நெடிய கடிதத்தை 1615 வாக்கில் எழுதி முடித்து ஸ்பெயின் மன்னருக்கு அனுப்பினார். சுரங்கங்களில் நடந்த கொடுமைகளும் அதில் உண்டு. மன்னர் படித்தாரா என்பதற்குச் சான்றில்லை. 1908இல் கோபன்ஹேகன் நூலகத்தில் அந்தக் கையெழுத்துப்படி கண்டெடுக்கப்பட்டது. முந்நூறு ஆண்டுகள் பிந்தி வந்தாலும், இன்று அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுபவர் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. ஊர்வலத்தின் வழக்கு எண்ணை, நிராகரிக்கப்பட்ட மனுவின் நகலைப் பத்திரப்படுத்தி வையுங்கள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

நான்காவதாக ஒரு நடை. பொத்தோசிக்கு வடக்கே சயாந்தா வட்டாரத்தின் மாச்சா மக்களைச் சேர்ந்தவர் தோமாஸ் கத்தாரி. வரியைச் சுருட்டிய தலைவர் மீதும், அவரைக் காத்த அதிகாரிகள் மீதும் புகார் சொல்ல உள்ளூரில் வழியில்லை. 1778இல் புயனோஸ் ஐரஸ் வரை நடந்தே போய் வைஸ்ராயிடம் மனு கொடுத்தார். நேர்க்கோட்டில் அளந்தாலே 1,700 கிலோமீட்டருக்கு மேல். விசாரிக்கச் சொல்லி உத்தரவு கிடைத்தது. ஊர் திரும்பினால் உள்ளூர் அதிகாரம் அந்த உத்தரவை மதிக்காமல் அவரையே சிறையில் போட்டது. 1780 ஆகஸ்டில் பொக்கோவாத்தாவில் கூடிய மக்கள் அந்த வட்டார அதிகாரியையே பிடித்து வைத்துக்கொண்டு, கத்தாரியை விட்டால்தான் இவரை விடுவோம் என்றார்கள். விடுதலை கிடைத்தது. 1781 ஜனவரியில் மீண்டும் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அதற்குள் ஆண்டிஸ் முழுவதும் கலகத் தீ பற்றியிருந்தது. மேலிடத்து உத்தரவு கையில் இருந்தும் உள்ளூர் அதிகாரம் அசையாமல் நிற்பது எப்படி என்று எங்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மித்தாவை 1812இல் ஸ்பெயினின் காதிஸ் நாடாளுமன்றம் ஒழித்தது. அது மன்னரின் கருணையால் நடந்ததல்ல. ஓடியவர்கள், பேரம் பேசியவர்கள், எழுதியவர்கள், நடந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அதை இருநூறு ஆண்டுகளாக உள்ளிருந்தே அரித்திருந்தார்கள். 13,000 பேர் வரவேண்டிய இடத்தில் 17ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே சுமார் 4,000 பேர்தான் கணக்கில் இருந்தார்கள்.

நான்காம் மாலை: நாணயம் போன வழியும் இன்றைய பொத்தோசியும்

ஊரின் நடுவே நாணயச்சாலைக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. வெள்ளிப் பாளங்களைத் தகடாக்கும் பெரிய மரச் சக்கரங்களைக் கோவேறு கழுதைகள் இழுத்தன. நாணயச்சாலை உழைப்பில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் பங்கு பெரியது. யுங்காஸ் பள்ளத்தாக்குகளில் வாழும் ஆப்பிரிக்க-பொலிவியர்களைத் தனி மக்களாக அந்நாட்டின் 2009 அரசியல் சாசனம்தான் ஏற்றுக்கொண்டது.

அங்கே அடித்த நாணயங்கள் ஐரோப்பா வழியாகவும் மணிலா வழியாகவும் ஆசியாவுக்கு வந்தன. அமெரிக்க வெள்ளி முகலாய நாணயச்சாலைகளில் உருகி ரூபாயானது. அந்த வெள்ளி புழங்கிய வணிகத்தில்தான் டச்சுக் கம்பெனி சோழமண்டலக் கரையில் துணி வாங்கியது. அதே கம்பெனி 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் இதே கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக வாங்கி பட்டேவியாவுக்கு ஏற்றியது. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அந்த வரலாற்றில் உண்டு. பொத்தோசி நமக்கு அவ்வளவு தூரத்து ஊர் அல்ல.

20ஆம் நூற்றாண்டில் வெள்ளியின் இடத்தை வெள்ளீயம் பிடித்தது. 1952 புரட்சிதான் பெரிய சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இருந்த வாக்குரிமையை எல்லோருக்கும் ஆக்கியதும் அதுதான். பொத்தோசி மாநிலத்தின் சிக்லோ பெயின்தே சுரங்கக் குடியிருப்பில் 1961இல் தொழிலாளர்களின் மனைவிமார் சங்கம் அமைத்தார்கள். அதன் தலைவர்களில் ஒருவர் தொமித்திலா பாரியோஸ் தே சுங்காரா. 1975இல் மெக்சிகோவில் நடந்த சர்வதேச மகளிர் ஆண்டு மாநாட்டு அரங்கில், பெண்கள் என்பதாலேயே நாம் எல்லோரும் ஒன்றா என்று வசதி படைத்த பெண்களைப் பார்த்து நேருக்கு நேர் கேட்டவர். தலித் பெண்கள் பெண்ணிய மேடைகளில் கேட்டுவரும் கேள்வியும் அதுதான். 1977 டிசம்பரில் நான்கு சுரங்கத் தொழிலாளர் மனைவியர், பிள்ளைகளோடு லா பாஸில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். தொமித்திலாவும் சேர்ந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பின்தொடர்ந்தார்கள். சில வாரங்களில் பான்சேரின் ராணுவ அரசு பொதுமன்னிப்புக்கு இறங்கி வந்தது.

1985இல் வெள்ளீய விலை சரிந்தது, அரசுச் சுரங்கங்களிலிருந்து இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். இன்று செர்ரோ ரிக்கோவை ஆயிரக்கணக்கானோர் கூட்டுறவுக் குழுக்களாகக் குடைகிறார்கள். சுரங்க வாயில்களில் குடிசை போட்டுப் பிள்ளைகளோடு காவல் காப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். உள்ளே 'தியோ' என்ற கொம்பு வைத்த மண் சிலைக்குச் சிகரெட்டும் சாராயமும் படைப்பார்கள். "எங்க முனீஸ்வரன் மாதிரி" என்றார்கள் பிள்ளைகள். 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஊர், 2014இல் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலுக்குப் போனது. குடைந்து குடைந்து மலையின் உச்சியே உள்வாங்கிக்கொண்டிருக்கிறது.

கடினமான பகுதி கடைசியில் வந்தது. அந்தச் சுரங்கங்களில் சிறுவர்களும் வேலை செய்கிறார்கள். 18 வயதுக்குட்பட்டவர்கள் சுரங்கத்தில் இறங்க சட்டம் அனுமதிக்கவில்லை, வறுமை அனுமதிக்கிறது. பொலிவியாவில் உழைக்கும் சிறுவர்களுக்கென்று சங்கமே இருக்கிறது. எங்களைத் தடை செய்யாதீர்கள், தடை எங்களை இருட்டுக்குள் தள்ளுகிறது, கூலியையும் பாதுகாப்பையும் கொடுங்கள் என்று அவர்கள் 2013இல் லா பாஸில் ஊர்வலம் போனார்கள். 2014இல் வந்த சட்டம், சுரங்கம் போன்ற ஆபத்தான வேலைகளை விலக்கிவிட்டு, சில நிபந்தனைகளோடு 10 வயதிலிருந்தே சொந்தமாக வேலை செய்ய இடம் கொடுத்தது. கடும் விமர்சனத்துக்குப் பிறகு 2018இல் குறைந்தபட்ச வயது மீண்டும் 14 ஆனது.

நாங்கள் குழந்தை உழைப்பை எதிர்ப்பவர்கள். அதில் மாற்றமில்லை. ஆனால் வகுப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல் கான்ட்ராக்டரிடம் பந்தி பரிமாறப் போகும் பையன் உட்கார்ந்திருந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அவங்களுக்குச் சங்கம் இருக்காண்ணா?" நாங்கள் அவனை வேலைக்குப் போகாதே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். கூலி ஒழுங்காகத் தருகிறார்களா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அன்று கேட்டோம். மூன்று வாரக் கூலி பாக்கி என்றான். மறுநாள் அவன் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்ப் பேசினோம், பாக்கி வந்தது. அவனுடைய டியூஷனுக்கும் நோட்டுகளுக்கும் ஆகும் செலவுக்கு வேறு வழி செய்யாமல் வேலையை நிறுத்தச் சொல்வது வெறும் உபதேசம் என்பதையும் எங்கள் கூட்டத்தில் பேசினோம். அதற்கான முயற்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

நான்கு மாலைகளிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டவை இவை. ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை வலியிலிருந்து தொடங்காதீர்கள். அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். வலியை மறைக்காதீர்கள், பெரிதுபடுத்தவும் வேண்டாம். ஒப்பீட்டைப் பிள்ளைகள் தாமாகவே செய்வார்கள், வேறுபாட்டைச் சொல்லித்தருவது நம் வேலை. "திருப்பி என்ன பண்ணாங்க?" என்ற கேள்விக்குப் பதில் தேடாமல் வகுப்புக்குப் போகாதீர்கள்.

அடுத்த மாதத்துக்கான ஊரையும் பிள்ளைகள் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கொலம்பியாவில் கார்த்தஹேனாவுக்கு அருகே, தப்பியோடிய அடிமைகள் உருவாக்கிய பலென்கே. இந்த முறை முதல் மாலையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே நடத்துகிறார்கள்.